ஜாவா வெப் அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் சர்வர் இரண்டு, வரும் ரிக்வெஸ்ட்களை அவற்றுக்குப் பிரித்து அனுப்ப முன்னால் எச்ஏபிராக்ஸி ஒன்று. ஒரு டாம்கேட் விழுந்தாலும் பயனர் மறுபடி லாகின் செய்யாமல் இருக்க இது போதுமா?

போதாது. பளுவைப் பிரிக்கும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை எச்ஏபிராக்ஸி விழுந்தால் இரண்டு டாம்கேட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், தளம் மட்டும் திறக்காது. அதனால் முதலில் அதையும் இரண்டாக்குங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மிதக்கும் ஐபி (ஒரு மெஷினிலிருந்து மற்றதற்கு நகரக்கூடிய முகவரி) வைத்து, அது எந்த மெஷினில் இருக்க வேண்டும் என்பதைக் கீப்அலைவ்ட் என்ற மென்பொருளிடம் விட்டுவிடலாம். ஐபியை வைத்திருக்கும் மாஸ்டர், தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல நொடிக்கு ஒருமுறை விஆர்ஆர்பி பாக்கெட் அனுப்பும். மூன்றரை நொடி போல எதுவும் வரவில்லையென்றால், காத்திருக்கும் பேக்கப் அந்த ஐபியைத் தனதாக்கிக்கொள்ளும்.

பலர் இடறுவது ஃபயர்வாலில். விஆர்ஆர்பி டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. அதன் புரோட்டோகால் எண் 112. அதைத் திறக்காவிட்டால் பேக்கப்புக்கு மாஸ்டரின் குரல் கேட்காது, இரண்டும் தன்னை மாஸ்டர் என்று நினைத்து ஒரே ஐபியைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் உயிரோடு இருந்து எச்ஏபிராக்ஸி மட்டும் செத்தாலும் ஐபி நகர வேண்டுமே, அதற்கு எச்ஏபிராக்ஸி ஓடுகிறதா என்று கீப்அலைவ்டுக்குச் சொல்லும் ஒரு டிராக் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். கிளவுடில் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். அவர்கள் தரும் லோடு பேலன்சரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து செஷன், அதாவது லாகின் செய்த பயனரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் விவரம். எச்ஏபிராக்ஸியில் குக்கீ வைத்து ஒரு பயனரை ஒரே டாம்கேட்டுக்கு அனுப்பலாம். அந்த டாம்கேட் போனால் அதன் மெமரியில் இருந்த செஷனும் போயிற்று, பயனர் லாகின் பக்கத்தில் நிற்பார். தவிர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, டாம்கேட்டோடு வரும் டெல்டாமேனேஜர். ஒவ்வொரு செஷன் மாற்றத்தையும் கிளஸ்டரில் உள்ள எல்லா சர்வருக்கும் நகல் எடுக்கும். இரண்டு சர்வருக்கு இது தாராளம், பத்து சர்வருக்குச் சுமை. அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் டிஸ்ட்ரிபியூட்டபிள் டேக் இருக்க வேண்டும், செஷனுக்குள் வைக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் சீரியலைசபிள் ஆக (பைட்டுகளாக மாற்றி அனுப்பக்கூடியதாக) இருக்க வேண்டும். பழைய கோடில் இந்த இரண்டாவது நிபந்தனைதான் உயிரை வாங்கும். மற்றது, செஷனை ரெடிஸ் (மெமரியில் இயங்கும் டேட்டாபேஸ்) போல வெளியே ஒரு இடத்தில் வைப்பது. என் ஓட்டு இதற்குத்தான், சர்வரை ரீஸ்டார்ட் செய்ய யாரிடமும் நேரம் கேட்க வேண்டாம். ஆனால் அந்த ரெடிஸுக்கும் ஒரு மாற்று இருக்க வேண்டும்.

இனி ஹெல்த் செக், அதாவது ஒவ்வொரு டாம்கேட்டும் நலமா என்று எச்ஏபிராக்ஸி அடிக்கடி பார்ப்பது. முழு அமைப்பும் இதை நம்பித்தான் நிற்கிறது. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது, கடைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே ஆள் இருக்கிறார் என்று முடிவுகட்டுவது போல. ஒரு பக்கத்தைக் கேட்டு அதன் பதிலைப் பார்க்கும் எச்டிடிபி செக் வையுங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: 2xx (சரி), 3xx (வேறு பக்கத்துக்குப் போ) இரண்டையுமே எச்ஏபிராக்ஸி நல்ல பதிலாக எடுத்துக்கொள்ளும். உங்கள் செக் பக்கம் லாகினுக்கு 302 தள்ளினால், அப்ளிகேஷன் பாதி செத்திருந்தாலும் பச்சை விளக்குதான் எரியும். 200 மட்டும்தான் ஏற்பு என்று எழுதிவிடுங்கள்.

அந்தப் பக்கம் ஜேஎஸ்பி (தானாகவே செஷன் திறக்கும் ஜாவா பக்கம்) என்றால் அதில் செஷனை அணைத்து வையுங்கள். செக் 2 நொடிக்கு ஒருமுறை குக்கீ இல்லாமல் வருவதால் ஒவ்வொரு முறையும் புது செஷன் பிறக்கும். டாம்கேட்டின் வழக்கமான 30 நிமிட டைம்அவுட்டில் ஒரு எச்ஏபிராக்ஸிக்கு 900, இரண்டுக்கு 1800 வெற்று செஷன்கள், ஒவ்வொரு டாம்கேட்டிலும். டெல்டாமேனேஜர் அவற்றையும் பொறுப்பாக நகல் எடுக்கும்!

செக் பக்கத்தில் டேட்டாபேஸ் குவெரி போட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு டாம்கேட்டும் ஒரே டேட்டாபேஸைத்தான் பார்க்கின்றன. அது சற்றுத் திணறினால் இரண்டும் ஒன்றாக வெளியேறி, எல்லோருக்கும் 503 (சேவை இல்லை) பிழை போகும்.

இன்னொன்று, இரண்டு டாம்கேட்டும் உச்ச நேரத்தில் 70 சதவீதத்தில் ஓடினால் உங்களிடம் ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் மற்றது தாங்குவது) இல்லை. ஒன்றின் தலையில் 140 ஏறும், அதுவும் விழும்.

சோதிக்கும்போது எல்லோரும் டாம்கேட்டை ஒரேயடியாகக் கொல்லும் கில் -9 கட்டளையை அடித்துப் பார்ப்பார்கள். அது எளிய பரீட்சை: போர்ட் உடனே மூடிவிடும், எச்ஏபிராக்ஸிக்கும் புரிந்துவிடும். கில் -ஸ்டாப் அடித்துப் பாருங்கள். ப்ராசஸ் உறைந்து நிற்கும், ஆனால் கெர்னல் தன் வரிசை நிரம்பும்வரை புது இணைப்புகளை வாங்கிக்கொண்டே இருக்கும், போர்ட்டை மட்டும் பார்க்கும் டிசிபி செக் ஏமாந்துபோகும். எச்டிடிபி செக் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடும், ஆனால் ஏற்கெனவே உள்ளே போன ரிக்வெஸ்ட்கள் எச்ஏபிராக்ஸியின் சர்வர் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) வரை தொங்கும். அதை 5 நிமிடம் என்று வைத்திருந்தால் பயனர் 5 நிமிடம் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எச்ஏபிராக்ஸி கான்ஃபிக்கின் சர்வர் வரியில் ஆன்-மார்க்டு-டவுன் ஷட்டவுன்-செஷன்ஸ் சேர்த்தால், சர்வர் விழுந்ததாகக் குறித்த உடனேயே அந்த இணைப்புகள் வெட்டப்படும். பயனர் ஒரு பிழைப் பக்கத்தைப் பார்ப்பார், ரீலோடு செய்தால் மற்ற சர்வரில் லாகினோடு தொடர்வார்.