எல்கோ தீவுக்குப் போகும் ஆசிரியக் குடும்பத்துக்கு

கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள், மகனுக்கு 13, மகளுக்கு 7, ஜனவரிக் கடைசியில் ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு அப்பால் உள்ள எல்கோ தீவின் கலிவின்கு ஊரில் வேலை தொடங்குகிறது, எதைக் கொண்டுபோவது, வகுப்பில் எதற்கு ஆயத்தமாவது என்று கேட்டிருக்கிறீர்கள். சாமான் பட்டியலைப் பிறகு பார்ப்போம். முதலில் உறவுமுறையைப் படியுங்கள். அங்கே பள்ளிக்கூடம் நடப்பது அதை வைத்துத்தான்.

எல்கோ தீவும் சேர்ந்த ஆர்னம் லாந்தின் வடகிழக்கு, யோல்ஙு என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். ஆள், நிலம், காற்று, மீன் எல்லாமே துவா அல்லது யிரிட்ஜா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. திருமணம் மறுபாதியில்தான். ஊரில் ஒரு குடும்பம் உங்களை ஏற்றுக்கொண்டு மால்க் என்னும் உறவுப்பிரிவுப் பெயர்களைத் தரும். ஆணுக்கு 8, பெண்ணுக்கு 8 இருக்கின்றன; கணவனுக்கும் மனைவிக்கும் பொருந்தும் சோடியாகத்தான் தருவார்கள், பிள்ளைகளுடையது தாயின் வழியில் வரும். இதை மரியாதைக்குத் தந்த பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாளிலிருந்து ஊரில் ஒவ்வொருவரும் உங்களுக்கு ஏதோ ஒரு உறவு ஆகிவிடுவார்கள்.

வெள்ளைக்கார ஆசிரியர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த இடம் தமிழருக்கு அவ்வளவு கடினமில்லை. அப்பாவின் சகோதரனும் பாபாதான், அம்மாவின் சகோதரியும் ஙாண்டிதான். தாய்மாமனுக்கு ஙபிபி என்று தனிச்சொல். அப்பாவின் சகோதரி முகுல்; மாமியாரும் ஒருவகை முகுல், நாங்கள் இருவரையும் மாமி என்பதுபோல. ஆனால் மாமியாரும் மருமகனும் நேருக்குநேர் பார்க்கவோ கதைக்கவோ மாட்டார்கள். வளர்ந்த அண்ணன் தங்கை அருகருகே உட்கார மாட்டார்கள், ஒருவர் பெயரை மற்றவர் சொல்ல மாட்டார்கள். பெரியப்பா மகளும் அக்காதான் என்பதை நினைத்துப் பாருங்கள்: இருபது பேர் உள்ள வகுப்பில் ஒரு பையனுக்கு எத்தனை சகோதரிகள் இருக்கக்கூடும்! இரண்டு பேரை ஒரு மேசையில் போட்டதும் ஒருவன் எழுந்து வெளியே போனால் அது ஒழுங்கீனம் இல்லை. உட்காரும் இடங்களை யோல்ஙு உதவி ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். ஒரு பெண்பிள்ளையிடம் "உன் அண்ணன் பெயர் என்ன?" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்.

உதவி ஆசிரியரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் பார்ப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள். முதல் நாள் பின்னேரமே அவருடன் அரை மணி நேரம் இருந்து அடுத்த நாள் பாடத்தைச் சேர்ந்து போடுங்கள். வகுப்புக்கு வருவது ஜம்பர்புய்ஙு பேசும் பிள்ளைகள். ஆங்கிலம் அவர்களுக்குப் பிறமொழி.

அந்த மொழியிலும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் ங, ஞ, ண, ந, ம, ன என்று ஆறு மெல்லினம், அங்கும் ஆறு. ஆங்கிலக்காரர் திணறும் ஙகரம் அங்கே சொல்லின் முதலிலேயே வரும்: ஙர்ரா என்றால் நான். பெயர்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் ஆங்கில எழுத்தைவிடச் சரியாக உச்சரிப்பீர்கள்.

யாராவது இறந்தால் அவர் பெயரைச் சொல்லக்கூடாது. அதே பெயருள்ள பிள்ளைக்கும் சில காலம் வேறு பெயர் வழங்கும். இடாப்புக் கூப்பிட முன் உதவி ஆசிரியரிடம் கேளுங்கள். சுவரில் உள்ள இறந்தவரின் படத்தை மூடவோ எடுக்கவோ வேண்டும். ஈமச்சடங்கு வாரக்கணக்கில் நீளும், வரவு சரியும். அதனால் அன்றன்றே முடியும் பாடங்களாகத் திட்டமிடுங்கள். ஆறு வாரத் தொடர்ப்பாடம் நடுவில் உடையும்.

காதுதான் அடுத்தது. நடுக்காதில் சீழும் நீரும் கட்டுவது இந்தப் பிள்ளைகளிடம் மிக அதிகம். பலருக்குக் கேட்பது ஏற்ற இறக்கமாக இருக்கும். கவனிக்காத பிள்ளை பெரும்பாலும் கேட்காத பிள்ளை. பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். விளக்கும்போது மின்விசிறியைக் குறையுங்கள். ஒலிபெருக்கி இருந்தால் மைக்கை ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுங்கள். காலையில் முதல் வேலை மூக்குச் சிந்துவதும் கை கழுவுவதும்: டிஷ்யூ, மூடியுள்ள குப்பைக்கூடை, சவர்க்காரம். தொண்டைநோவு, தோல்புண் என்றால் அன்றே கிளினிக்குக்கு அனுப்புங்கள். கவனிக்காமல் விட்டால் வாதக்காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 28 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. ஊசி நாளில் பையன் வகுப்பில் இல்லையென்று கோபப்படாதீர்கள்.

கேள்வி கேட்டால் மௌனம் வரும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்திக் கேட்பது அவமானம். "ஷேம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

உறவாகிவிட்டால் காசு, கார், சாப்பாடு கேட்பார்கள். கேட்பதும் தவறில்லை, மறுப்பதும் தவறில்லை. பாய்ஙு, அதாவது இல்லை, என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். எங்கள் "பார்க்கலாம்" இருக்கிறதே, அதுதான் வினை. அதை ஆம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இனிச் சாமான். மழைக்காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நீங்கள் இறங்குவதே அதன் நடுவில். கனமானவை டார்வின் நகரிலிருந்து பார்ஜ் என்னும் சரக்குப் படகில் வரும், புயல் வந்தால் பிந்தும். சிறு விமானத்தில் பெட்டியின் எடைக்குக் கண்டிப்பு உண்டு. ஊர்க்கடையில் அரிசி, மா, இறைச்சி இருக்கும், விலை அதிகம். பத்து வாரப் பருவத்துக்கு நாலு பேருக்கு அரிசி 40 கிலோ, பருப்பு 8 கிலோ, புளி 2 கிலோ, மிளகாய்த்தூள் 2 கிலோ போதும். அரிசியை நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் இறுக்கமான வாளியில் போட்டால் வண்டு வராது. ஈரத்துடன் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். சான்றிதழ்களையும் தோல்செருப்பையும் அதே பூஞ்சணம் தின்னும். காற்றுப்புகாத பெட்டி கொண்டுபோங்கள்.

மதுவுக்குத் தடை; சமையலுக்கு என்று ஒரு போத்தல் வைன்கூட வேண்டாம். யோல்ஙு நிலத்துக்குள் நுழையும் உங்கள் அனுமதிப்பத்திரத்தை வேலை தருபவர் பார்த்துக்கொண்டாலும், விடுமுறைக்கு வரும் தம்பிக்கு அதைத் தரும் அமைப்பான நோர்தன் லாண்ட் கவுன்சிலிடம் தனியாக எடுக்க வேண்டும். பிள்ளைகளுடன் வேலை செய்ய இருவருக்கும் ஓக்கர் கார்ட் என்னும் அனுமதி அட்டை தேவை.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி இருந்தால் இதைக் கவனியுங்கள்: மழைக்காலச் சேற்றில் மெலியோய்டோசிஸ் கிருமி இருக்கும், நீரிழிவுக்காரருக்கு அது உயிராபத்து. வெறுங்காலுடன் முற்றத்தில் இறங்க வேண்டாம், தோட்ட வேலைக்குக் கையுறை, காய்ச்சல் என்றால் உடனே கிளினிக். கடல் பச்சையாக அழைக்கும்; முதலையும் பெட்டி ஜெலிமீனும் உள்ள கடல், கால்கூட நனைக்காதீர்கள்.

மகளுக்கு ஊர்ப் பள்ளியே நல்லது, மொழியை உங்களுக்கு முன்னால் பிடித்துவிடுவாள். மகனின் விஷயம் வேறு. தொலைக்கல்வி என்றால் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். நீங்கள் இருவரும் வகுப்பில் இருப்பீர்கள். அந்த ஆள் யாரென்று முடிவாகாவிட்டால் டார்வின் விடுதிப் பள்ளிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.