இட்லி, சோறு சாப்பிடும் நமக்கு சீலியாக் நோயோடு வாழ்வது சுலபம்தானே?

கேள்வி: எனக்கு சீலியாக் நோய் என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். கோதுமை, மைதா, பார்லி எதையும் தொடக்கூடாதாம். நம் சாப்பாடு இட்லியும் சோறும்தானே, பெரிய சிரமம் இருக்காது இல்லையா? வெளியே போனால் என்ன சாப்பிடுகிறீர்கள்?

பதில்:

நானும் முதல் நாள் இப்படித்தான் நினைத்தேன். இதே நோய் வந்த பஞ்சாப்காரரோடு ஒப்பிட்டால் நமக்குப் பாதி வேலை மிச்சம், அது உண்மை. ஆனால் மதுரையில் இருந்துகொண்டு ஆறு மாதம் ஒரு துண்டு பரோட்டாவைக்கூடத் தொடாமல் இருந்தும் என் ரத்தப் பரிசோதனை எண் சரியாக இறங்கவில்லை. காரணம் ரசத்தில் இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒன்று. உங்களுக்கு எண்டோஸ்கோபி செய்து குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்களா, இல்லை ரத்தப் பரிசோதனை மட்டும்தானா? எண்டோஸ்கோபி இன்னும் பாக்கி என்றால், மருத்துவரைக் கேட்காமல் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும், ரத்தத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் குறையும், சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிடும். பிறகு சோதனைக்காக மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்ன வேண்டியிருக்கும்.

என் கதை ரத்தசோகையில் தொடங்கியது. 34 வயது ஆம்பிளைக்கு ஹீமோகுளோபின் 8.2. நாலு வருடம் இரும்புச்சத்து மாத்திரை, நடுவில் பூச்சி மருந்து, அல்சர் மாத்திரை என்று ஓடியது. மாத்திரை சாப்பிடும்வரை கொஞ்சம் ஏறும், விட்டால் இறங்கும். வயிறு எப்போதும் உப்பிக் கிடக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரவில் சப்பாத்திதான். அதோடு, உடம்பு தேறட்டும் என்று அம்மா இரண்டு வேளையும் மால்ட் பானம் கலந்து கொடுத்தாள். மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி. ஆக, எது ஆகாதோ அதையே ராத்திரிப் பலகாரமாகவும் டானிக்காகவும் கொடுத்து என்னைத் தேற்றிக்கொண்டிருந்தோம்.

கண்டுபிடித்தவர் வட இந்தியாவில் படித்துவிட்டு வந்த ஒரு மருத்துவர். மாத்திரைச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, “வீட்டில் கோதுமை சாப்பிடுவீர்களா?” என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்த எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். இருக்க வேண்டிய அளவைப்போல் பத்து மடங்குக்கு மேல் வந்தது. முன்னால் பார்த்தவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டுதான், ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இந்த நோயின் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. தெற்கே 0.10 சதவீதம். இத்தனைக்கும் இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில். அங்கே சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். எத்தனை தமிழ் வீடுகளில் ராத்திரிச் சோறு போய்ச் சப்பாத்தி வந்திருக்கிறது என்று பார்க்கும்போது, இந்த 0.10 அப்படியே நிற்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இது வெறும் அலர்ஜி இல்லை. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் நம் எதிர்ப்புச் சக்தி நம் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். இரும்புச்சத்தை உறிஞ்சுவது முக்கியமாகச் சிறுகுடலின் முதல் பகுதி. அடி விழுவதும் அங்கேதான். நான் விழுங்கிய மாத்திரைகள் எங்கே போயின என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, ரசத்துக்கு வருவோம். பரோட்டா, பூரி, கேசரி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள், அவற்றை விடுவது மனசுக்குத்தான் கஷ்டம். ஆறாவது மாதப் பரிசோதனையில் எண் பாதிகூட இறங்காதபோது, மருத்துவர் அடுக்களையில் இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிக்கச் சொன்னார். பெருங்காய டப்பாவைத் திருப்பினேன். கோதுமை மாவு. கட்டிப் பெருங்காயத்தைப் பார்த்தேன், அதிலும் மைதா. சுத்தமான பெருங்காயப் பால் காரம் மிகுந்தது, கையாளவே முடியாது. அதனால் மாவும் பிசினும் கலந்துதான் விற்கிறார்கள். அது சாம்பாரில் இருக்கிறது, ரசத்தில் இருக்கிறது, மோரில், ஊறுகாயில், இட்லிப் பொடியில், எலுமிச்சைச் சாதத் தாளிப்பில் இருக்கிறது. கோதுமையே இல்லாத நம் சாப்பாட்டில் கோதுமை இல்லாத பண்டம் எது என்று தேட வேண்டியதாகிவிட்டது.

“சிட்டிகைதானே” என்பீர்கள். அம்மாவும் சொன்னாள். தோராயமாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கால் டீஸ்பூன் தூள் ஒரு கிராம் இருக்கும். அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், சுமார் 50 மில்லிகிராம் குளூட்டன். அது நாலு பேருக்குப் பிரிந்துவிடும், சரிதான். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டில் நாலு பண்டத்தில் பெருங்காயம் இருக்கிறதே! தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 3 கிராம் குளூட்டன். அதை அறுபது துண்டாக்கினால் ஒரு துண்டுதான் அந்த 50 மில்லிகிராம்.

இப்போது அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, ஆன்லைனில் தேடினால் வரும். குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்டிருக்க வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படிப் போடக்கூடாது என்பது இங்கே விதி.

அடுத்தது மில். அரிசி மாவு, கேழ்வரகு மாவு, கம்பு மாவு எல்லாம் குளூட்டன் இல்லாதவைதான். ஆனால் நாம் அரைக்கும் மெஷினில் நமக்கு முன்னால் அரைத்தது யாருடைய கோதுமையோ! எங்கள் தெரு மில்லில், “காலையில் முதல் ஆளாக வாங்க தம்பி, தட்டிவிட்டு அரைத்துத் தருகிறேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் முந்தின நாள் மாவு கல்லிடுக்கில் எவ்வளவு நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இப்போது வீட்டில் மிக்சியில்தான் அரைக்கிறோம். சல்லடையும் எனக்குத் தனி. பழையதைக் கழுவித் தரலாமே என்று தோன்றும், அந்தக் கம்பி வலையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள், பத்து வருடத்துச் சப்பாத்தி மாவு உட்கார்ந்திருக்கும். தோசைக் கல்லும் தனி. சிறுதானியம் என்று பெயர் போட்ட பிஸ்கட், சேமியாவையெல்லாம் நம்பி வாங்காதீர்கள். முன்பக்கம் தினைக்கதிர் படம், பின்பக்கம் முதல் பொருளே கோதுமை மாவாக இருக்கும். ஓட்ஸும் சாதாரணமாகக் கடையில் கிடைப்பது வேண்டாம். கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பெருங்காயமும் மில்லும் மாறிய பிறகு, பதினான்காவது மாதம் எண் சரியான அளவுக்கு வந்தது. ஹீமோகுளோபின் 13. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். என் மகளுக்கும் தங்கைக்கும் பரிசோதித்தோம், இல்லை. உங்கள் வீட்டிலும் பார்த்துவிடுங்கள். எலும்பு அடர்த்தியும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஹோட்டலில் நோயைவிடச் சொற்கள்தான் பெரிய இடைஞ்சல். “இதில் மைதா இருக்கா?” என்று கேட்டேன் ஒருமுறை. “மைதாலாம் நம்ம கடையில கிடையாதுண்ணே, சுத்தமான கோதுமை” என்றார் பெருமையாக. மைதா கெட்டது, கோதுமை நல்லது என்று ஊருக்கே பாடமாகிவிட்டது. ரவை கோதுமையிலிருந்து வருகிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. என் அத்தைக்கும் தெரியாது. “இது ரவைதான்டா, ஒரு வாய் சாப்பிடு” என்று கேசரியை ஊட்டவே வந்துவிட்டார். நோய்ப் பெயரையோ குளூட்டனையோ சொல்லிப் புண்ணியமில்லை. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெறும் உளுந்துதான் என்று நம்பி வடை சாப்பிடாதீர்கள், பூரி பொரித்த எண்ணெயில்தான் அதுவும் பொரிகிறது. சாதா தோசையும் ரவா தோசையும் ஒரே கல், துடைக்கிற துடைப்பமும் ஒன்று. பரோட்டாக் கடையில் ஆஃப்பாயில் போடுவதும் பரோட்டாக் கல்லில்தான், அவித்த முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கோபி, சிக்கன் வகையறாவில் மாவு போக சோயா சாஸ் வேறு, அதிலும் கோதுமை உண்டு. வெளியே எனக்குக் கைகொடுப்பது இட்லி மட்டும். பையில் சின்ன டப்பாவில் என் பொடியும் நல்லெண்ணெயும் இருக்கும். சட்னி, சாம்பார் வேண்டாம் என்றால் பரிமாறுகிறவர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். ரயிலில் வாழைப்பழம், வேர்க்கடலை, வீட்டுத் தயிர்சாதம்.

கல்யாண வீடுகளுக்கு முந்தின நாளே போய் சமையல் மாஸ்டரைப் பார்த்துவிடுவேன். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில், பெருங்காயம் போடுவதற்கு முன்னால் எனக்கு மட்டும் கொஞ்சம் ரசம் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். “பெருங்காயம் இல்லாம ரசமா? அதுக்குப் பேரு வெந்நீரு தம்பி” என்றார். மறுநாள் பந்தியில் உட்கார்ந்தபோது தனியாக ஒரு தூக்குவாளி வந்தது. பூண்டைத் தட்டிப் போட்டிருந்தார். அவர் சொன்னது சரிதான், வெந்நீர்தான். இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.