சைக்கிள் மீற்றர் ஒரு வேகம், போன் ஒரு வேகம், நண்பரின் மோட்டார் சைக்கிள் இன்னொரு வேகம்: எதை நம்புவது?

கேள்வி இதுதான்: 28 அங்குலச் சைக்கிளில் புதிதாகப் பூட்டிய மீற்றர் 18 சொச்சம் காட்டுகிறது, சட்டைப் பையில் இருக்கும் போன் 20 என்கிறது, பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வரும் நண்பர் 23 என்று அடித்துச் சொல்கிறார். எது சரி?

நண்பரை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மோட்டார் வாகன மீற்றர்களுக்குப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39 என்று ஒன்று உண்டு. அதன்படி, மீற்றர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டினால் குற்றமில்லை. காருக்குப் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீற்றரும் வரை விட்டுவைத்திருக்கிறார்கள். அதனால் தயாரிக்கிறவர்கள் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். நண்பர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த மீற்றரை வைத்துச் சைக்கிளைச் சரிபார்க்க முடியாது.

இனி உங்கள் மீற்றர். அது வேகத்தை அளப்பதே இல்லை, எண்ணுகிறது. சில்லின் கம்பியில் பூட்டிய காந்தம் முன் ஃபோர்க்கில் இருக்கும் சென்சரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று. 1895 வாக்கில் அமெரிக்காவில் கேர்ட்டிஸ் வீடர் என்பவர் விற்ற தூரமானியும் இதைத்தான் செய்தது. அதில் காந்தத்துக்குப் பதிலாகக் கம்பியில் ஒரு முளை, அது ஒரு சிறிய பல்லுச் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போகும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று இன்றைய மீற்றருக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டியில் வந்த எண்ணை வைத்துக்கொண்டே பெருக்கும். அடுத்தவரின் அளவுச் சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்த கதைதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பிசகு அதிகம் வருவதற்குக் காரணம் எங்கள் சைக்கிள். அப்பாமார் ஓடிய லுமாலா, றலி போன்றவற்றின் ரயர் 28 × 1½. அதன் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் 40-635 என்று இருக்கும்: ரயரின் அகலம் 40, ரிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். மீற்றரோடு வரும் தாளில் 28 அங்குலம் என்று தேடினால் பெரும்பாலும் 700சி என்ற ரேஸ் சைக்கிள் சில்லுத்தான் அகப்படும். அதையும் 28 என்றுதான் சொல்வார்கள், ஆனால் அதன் ரிம் அளவு 622. அந்த வகையில் மெல்லிய 25 ரயருக்கு ஒரு சுற்று 2105 மில்லிமீற்றர். உங்கள் பழைய சில்லுக்குச் சுமார் 2225. ஒரே பெயர், ஐந்து சதவீத வித்தியாசம். 26 அங்குல மலைச் சைக்கிளுக்கான 2050 உள்ளே இருந்தால் இன்னும் மோசம்: உண்மையில் 20இல் ஓடும்போது 18.4 காட்டும். 700சி எண் என்றால் 18.9. உங்கள் '18 சொச்சம்' இந்த இரண்டில் எது என்று தசமத்தைப் பார்த்தாலே பிடிபடும். ஒருவேளை 12.4 என்று காட்டியிருந்தால் அது மைலில் நிற்கிறது என்று அர்த்தம். சில்லை அளக்கவே தேவையில்லை.

அட்டவணையைவிட நேரே அளப்பதுதான் என் விருப்பம். காற்றை வழக்கமாக அடிக்கும் அளவுக்கு அடியுங்கள். சீமெந்துத் தரையில், வால்வ் நேர் கீழே வரும்படி முன் சில்லை நிறுத்தி, அந்த இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு. பிறகு நீங்கள் சைக்கிளில் ஏறி உட்கார வேண்டும். இதைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆள் ஏறினால் ரயர் கொஞ்சம் நசியும், சுற்றும் சுருங்கும். 635-உடன் இரு பக்கமும் 40 கூட்டி 3.1416 ஆல் பெருக்கினால் 2246 வருகிறது. ஆனால் ஆள் ஏறிய சில்லு அவ்வளவு தூரம் போவதில்லை. ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, நேர்கோட்டில் இரண்டு சுற்று உருட்டி, வால்வ் மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. மேசன்மார் வைத்திருக்கும் 5 மீற்றர் இரும்பு நாடா போதும். 4 மீற்றர் 45 சென்ரிமீற்றர் வந்தால் இரண்டால் பிரித்து 2225 என்று போடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் பிசகினாலும் கால் சதவீதத்துக்குள்தான்.

அளந்து போட்ட பிறகும் மீற்றர் கோணங்கித்தனம் பண்ணினால், பிழை எப்படி வருகிறது என்று கவனியுங்கள். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் குறைகிறது என்றால் எண்தான் பிழை, வேறொன்றும் இல்லை. திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்து எழும்புகிறது என்றால் காந்தம் விலகியிருக்கிறது. சென்சருக்கும் அதற்கும் இடையில் சில மில்லிமீற்றர்தான் இருக்கலாம். குன்றும் குழியுமான ஒழுங்கையில் ஓடி ஓடி அது நழுவுவது சாதாரணம். தீவுப்பகுதிப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் மீற்றரைக் கழற்றி, அடியில் உள்ள செம்புப் புள்ளிகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும். அழிறப்பரால் தேய்த்தால் சரி.

மாறாக, கோவில் வாசலில் மெதுவாக உருளும்போது 70, 80 என்று பாய்ந்தால், வயர் இல்லாத மலிவு மீற்றராக இருக்கும். எல்.ஈ.டி. லைற்றும் மேலே போகும் மின்கம்பிகளும் அதன் சமிக்ஞையைக் குழப்பக்கூடும். லைற்றை அணைத்துப் பாருங்கள், பிறகு பற்றரியை மாற்றிப் பாருங்கள். போரால் பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. இப்போது மீற்றருக்கான சிஆர் 2032 என்ற வட்டப் பற்றரி கடையில் தொங்குகிறது, மாற்றத்தான் எங்களுக்கு மனம் வருவதில்லை.

போனை நம்பலாமா? இடத்தைப் பொறுத்தது. அது செய்மதிகளிடமிருந்து இடத்தைக் கணிக்கிறது, திறந்த வெளியிலேயே சில மீற்றர் முன்னே பின்னே போகும். வளைந்து வளைந்து போகும் குச்சொழுங்கைகளில் மூலைகளை வெட்டி நேர்கோடு போட்டுவிடும், தூரம் குறையும். நீங்கள் தேத்தண்ணிக் கடையில் நிற்கும்போது அங்கும் இங்கும் அலைந்து தூரத்தைக் கூட்டவும் செய்யும். வேகம் திடீரென மாறினால் அதைக் காட்டவும் சற்றுச் சுணங்கும். ஆனால் தீவுப்பகுதிக்குப் போகும் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இரு பக்கமும் கடல், மேலே வெறும் வானம். அங்கே போன் நன்றாகவே வேலை செய்யும். சில கிலோமீற்றர் நிற்காமல் ஓடி, வேகத்தை விட்டுவிட்டுத் தூரத்தை ஒப்பிடுங்கள். கண்டி வீதியின் கிலோமீற்றர் கற்களும் உதவும், ஆனால் ஒரு கல்லுக்கும் அடுத்ததுக்கும் இடையில் பார்க்காதீர்கள், கல் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம். பத்தாவது கல்லில் பாருங்கள். பத்துக் கிலோமீற்றருக்கு மீற்றர் 9.22 காட்டினால், உள்ளே இருக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கி 9.22 ஆல் பிரியுங்கள். 2050 என்பது 2223 ஆகும்.

சராசரி வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த முறைப்பாடு அதுவாகத்தான் இருக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் வேலணைத் தீவுப் பக்கம் போனால் காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். போகும்போது 12, வரும்போது 24 என்றால் சராசரி 18 வர வேண்டும் என்று நினைப்போம், மீற்றர் 16 காட்டும். மீற்றர்தான் சரி. 10 கிலோமீற்றருக்குப் போக 50 நிமிடம், வர 25 நிமிடம்; 75 நிமிடத்தில் 20 கிலோமீற்றர் என்றால் மணிக்கு 16தான். போனும் மீற்றரும் சராசரியில் மட்டும் முரண்பட்டால், ஒன்று நின்ற நேரத்தைச் சேர்க்கிறதா, மற்றது விடுகிறதா என்று பாருங்கள்.

ரயர் மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும். காற்று இறங்கியிருந்தால் வரும் வித்தியாசம் ஒரு சதவீதம் அளவில்தான், அதற்காக மெனக்கெட வேண்டாம். எண்ணைத் திருத்தியதால் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மொத்தத் தூரம் திருந்தாது, அது பழைய பிழையோடுதான் இருக்கும். அப்புறம், பல மீற்றர்களில் பற்றரியைக் கழற்றினால் இந்த எண்ணும் சேர்ந்தே அழிந்துவிடும். 2225 என்று ஒரு துண்டில் எழுதிச் சீற்றுக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.