ரப்பர் தோட்டத்தை விற்றுப் படிக்க வைக்க வேண்டாம், அம்மா

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். துபாயில் இருக்கும் கொழுந்தனார், "பெரிய யுனிவர்சிட்டியில் ஏஐ படிக்க வையுங்கள், சீட்டுக்கு நான் பேசுகிறேன்" என்கிறாராம். அதற்கு 40 சென்ட் ரப்பர் தோட்டத்தை விற்க வேண்டும். பிள்ளைக்கோ அதில் மனசில்லை. பாடப்புத்தகத்தில் அச்சுப்பிழை கண்டுபிடித்து ஓரத்தில் குறித்து வைப்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. "இதை வைத்து என்ன பிழைப்பு?" என்று கேட்கிறார்.

அம்மா, தோட்டத்தை விற்காதீர்கள். கொழுந்தனார் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் நான்கு வருடமும் கட்டணம் கட்டப்போவது நீங்கள். கல்விக் கடன் என்றாலும் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். அப்போதும் அதே தோட்டத்துப் பத்திரம்தான் போகும். நர்சிங், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊர் முழுக்க ஆள் உண்டு. யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

மருத்துவ, அறிவியல் இதழ்களுக்குக் கட்டுரைகள் பெரும்பாலும் வேர்டு கோப்பாக வருகின்றன. அவற்றை எக்ஸ்எம்எல்லாக, அதாவது தலைப்பு, பத்தி, அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் போட்ட கோப்பாக மாற்றி, அதிலிருந்து இணையப் பக்கமும் மின்னூலும் எடுக்கிறார்கள். இதற்கு 'ஜாட்ஸ்' என்று ஒரு பொதுக் கட்டமைப்பு உண்டு. 2012 முதல் அது அமெரிக்கத் தேசியத் தரநிலை. சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காக இந்த வேலை பல வருடமாக நடக்கிறது. மாற்றியதில் எதுவும் தொலையவில்லை, திரியவில்லை என்று பார்க்கத்தான் கூர்மையான ஆள் வேண்டும்.

பழைய கோப்புகளில் 'சிம்பல்' எழுத்துருவை வைத்து ஆங்கில எம்-ஐ அடித்தால் திரையில் மைக்ரோ குறி (µ) தெரியும். மாற்றும்போது எழுத்துரு விவரம் விட்டுப்போனால் வெறும் எம்தான் மிஞ்சும். µg என்பது mg ஆகி, 50 மைக்ரோகிராம் மருந்து 50 மில்லிகிராம் ஆகிவிடும், ஆயிரம் மடங்கு! கட்டமைப்பைச் சோதிக்கும் மென்பொருள் இதைப் பிடிக்காது. குறிச்சொற்கள் ஒழுங்காக இருப்பதால் "சரி" என்றே சொல்லும். எக்செலும் லேசுப்பட்டதல்ல. 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்த வகை மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது.

உங்கள் மகள் செய்யப்போவது இதுதான்: மூலத்திலிருந்தும் மாற்றியதிலிருந்தும் உரையை மட்டும் உருவி ஒப்பிடுவாள். அட்டவணை, அடிக்குறிப்பு, மேற்கோள் எல்லாம் இரண்டிலும் அதே எண்ணிக்கையில் இருக்கின்றனவா, 'படம் 3' என்ற இணைப்பு அந்தப் படத்துக்கே போகிறதா என்று பார்ப்பாள். அப்புறம் எக்ஸ்எம்எல் கோப்பைச் சோதிக்க 'ஸ்கிமட்ரான்' என்ற மொழியில் விதிகள் எழுதுவாள்: மருந்தளவுக் கட்டத்தில் அலகு இல்லாத எண் வந்தால் எச்சரிக்கை கொடு, இப்படி. எஸ்ஹெச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண் இங்கே உதவாது; கோப்பு அனுப்பும் வழியில் மாறவில்லை என்பதைத்தான் அது காட்டும். வடிவத்தை மாற்றினாலே அந்த எண்ணும் மாறிவிடும்.

இதற்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஓர் உதவிபெறும் கல்லூரியில் ஆங்கிலமோ கணினி அறிவியலோ போதும். சேரும்போது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேளுங்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இந்த வேலைக்கு வேண்டிய பைத்தான் என்ற நிரல்மொழி, எக்ஸ்எம்எல்லைச் சோதிக்கும் எக்ஸ்எம்எல்லின்ட் என்ற கருவி இரண்டும் இலவசம். தொடக்கச் சம்பளம் கொழுந்தனார் சொல்கிற அளவுக்கு இருக்காது, உண்மைதான். ஆனால் கடனும் இருக்காது.

மருத்துவக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையதளத்தில் ஜாட்ஸ் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கட்டுரையின் பிடிஎஃப்பையும் எக்ஸ்எம்எல்லையும் இறக்கி, வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் அலுத்து எழுந்துவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், வேறு வழி பார்ப்போம். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை என்றால் விண்ணப்பம் வாங்குங்கள். கொழுந்தனாரிடம் நான் பேச வேண்டுமானால் அவர் எண்ணை அனுப்புங்கள்.