லேசான துணி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

என் பத்து வயது மகள் பாலே கற்றுக்கொள்கிறாள். ஆண்டு விழாவுக்கு டூட்டூ வாங்க வேண்டுமாம். தட்டு மாதிரி விறைத்து நிற்கும் அந்தப் பாவாடைக்கு எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். நியாயமான விலைதானா என்று இணையத்தில் தேடப் போய், எங்கெங்கோ போய்விட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள் கணுக்கால் தெரியாமல் உடுத்தினார்கள், நடனப் பெண்கள் மட்டும் எப்படி இவ்வளவு குட்டையாக உடுத்தினார்கள்? இந்த உடை நம் தேவதாசிகளைப் பார்த்து உருவானது என்று ஒரு காணொளி சொல்கிறது, உண்மையா? இன்னொன்று. அந்தக் காலத்தில் பல நடனப் பெண்கள் பாவாடையில் தீப்பிடித்து இறந்திருக்கிறார்கள். தீப்பிடிக்காத துணி இருந்தும், அழகு போய்விடும் என்று மறுத்தார்களாம். மினுக்கு ஆசைக்கு உயிரைக் கொடுத்தவர்களை நினைத்துப் பரிதாபப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் மற்ற இரண்டு.

அவர்கள் குட்டையாக உடுத்தவில்லை. 1832 மார்ச்சில் பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ என்ற பாலே அரங்கேறியபோது அதன் நாயகி மரி தாக்லியோனி உடுத்திய வெள்ளைப் பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நின்றது. அன்று பாரிஸ் தெருவில் நடந்த சீமாட்டியின் பாவாடையும் தரையைத் தொடவில்லை, அவளுக்கும் கணுக்கால் தெரிந்தது. தரையைக் கூட்டுகிற பாவாடை அதற்குப் பிறகு வந்தது. தாக்லியோனியின் இறுகிய இடுப்பும் திறந்த தோளும் அன்றைய மாலை விருந்து உடைதான். தலையணை திணித்த மாதிரி உப்பியிருக்கும் சட்டைக் கைகளை மட்டும் வெட்டி எறிந்தார்கள். அப்புறம் இரண்டும் பிரிந்தன. 1856 வாக்கில் தெருப் பாவாடைக்குள் எஃகுக் கூண்டு ஏறியது, மேடைப் பாவாடை முழங்காலுக்கு ஏறியது. ஓவியர் தெகா 1870களில் வரைந்த நடனப் பெண்களைப் பாருங்கள். உங்கள் மகளின் தட்டு இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

தேவதாசி காணொளியை அணைத்துவிடுங்கள். நம் திருவந்திபுரத்து நடனப் பெண்கள் பாரிஸில் ஆடியது 1838இல். தாக்லியோனியின் பாவாடைக்கு அப்போது ஆறு வயது. அதற்கும் முன்பே, 1830இல், தாக்லியோனி ஒரு ஓபராவில் ‘பயாதேர்’ ஆக, அதாவது இந்திய நடனப் பெண்ணாக, ஆடிவிட்டார். அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது கதாபாத்திரத்தைத்தான், புடவையை இல்லை. எல்லாம் இங்கிருந்துதான் போனது என்று சொல்லிக்கொள்வதில் என்ன சுகமோ. அந்தப் பெண்களில் ஒருத்தியான அம்மணியை பார் என்ற சிற்பி சிலையாக வடித்தார், தாக்லியோனிக்குச் சிலை வடித்த அதே கை. எழுத்தாளர் கோத்தியே அவளைப் பற்றி உருகி எழுதினார். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் மினுக்கு ஆசை.

நீங்கள் பெயர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எம்மா லிவ்ரி. 1858இல் பதினாறு வயதில் அதே ‘லா சில்ஃபீட்’டில் அறிமுகமானாள். அவளைப் பார்க்க வந்த தாக்லியோனி பாரிஸிலேயே தங்கி அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், அவளுக்காக ஒரு பாலேயும் அமைத்தார். 1860இல் வந்த ‘லெ பாப்பியோன்’, அதாவது பட்டாம்பூச்சி. கதையில் பட்டாம்பூச்சியின் இறகு தீப்பந்தத்தில் கருகும். 1862 நவம்பர் 15, ஒரு ஒத்திகை. மேடைக்குள் போகுமுன் கசங்கிய பாவாடையை உதறி விரித்தாள். ஓரத்தில் இருந்த காஸ் விளக்கின் சுடர் பற்றிக்கொண்டது. எரிந்துகொண்டே மேடையில் ஓடினாள், தீயணைப்பு ஊழியர் ஒருவர் போர்வையைச் சுற்றி அணைத்தார். எட்டு மாதம் கிடந்து 1863 ஜூலை 26 அன்று இறந்தாள். மிஞ்சிய கந்தல் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது.

இதை எழுதுகிற எல்லோரும் விளக்கில் விழுந்த விட்டில் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான். விட்டில் தானாகப் போய் விழுகிறது. இவள் வேலைக்குப் போனாள்.

துணியைப் பாருங்கள். மஸ்லின், டார்லட்டன், எல்லாம் பருத்தி, இழைக்கும் இழைக்கும் நடுவில் கண் தெரியும்படி நெய்தது. அடுக்கடுக்காகத் தைத்துக் கஞ்சி போட்டால் அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்கும். குதித்தவளின் உடம்பு கீழே இறங்கும்போது பாவாடை ஒரு கணம் பின்தங்கி இறங்கும். அந்த ஒரு கணத்தில்தான் பார்ப்பவனுக்கு அவள் இன்னும் மேலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. எடையே இல்லாத பெண் என்று பாரிஸ் மயங்கியதில் கால் பாதி, துணி பாதி. தீக்கும் அதே காற்றுதான் வேண்டும். அவளை மிதக்கவைத்ததும் அவளை எரித்ததும் இழைக்கு நடுவில் இருந்த அதே ஓட்டை. வெள்ளையை நிலா மாதிரி ஒளிரவைத்தது 1822 முதல் அந்த ஓபராவில் இருந்த காஸ் விளக்கு, எரித்ததும் அதுவே.

மேடைத் துணியைக் கார்தரோன் என்பவரின் தீத்தடுப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும் என்று 1859இல் அரசாணை வந்தது உண்மை. அந்தத் துணி விறைத்து, மங்கி, அழுக்கேறியதுபோல் இருந்தது. காலோடு சேர்ந்து தொப்பென்று இறங்குகிற பாவாடையைக் கட்டிக்கொண்டு எப்படி மிதப்பது? 1860இல், வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், என்ன ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று லிவ்ரி எழுதிக் கொடுத்தாள். அப்போது அவள் பதின்ம வயதைத் தாண்டவில்லை. நிர்வாகம் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டது. சுடரைக் கண்ணாடிக்குள் அடைத்திருக்கலாம், தள்ளி வைத்திருக்கலாம். சின்னப் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது அதைவிட மலிவு. உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். இப்படி மேடையில் தீப்பற்றி இறந்தவர்கள் இன்னும் உண்டு: 1844இல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர், 1861இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரே இரவின் தீயில் ஆறு பேருக்குக் குறையாமல். மேடையே ஏறாதவர்களும் உண்டு. கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி அதே 1861இல் வீட்டுக்குள்ளேயே உடையில் தீப்பற்றி இறந்தார். அவருக்கும் மினுக்கு ஆசையா?

படுக்கையில் கிடந்தபோதும் லிவ்ரி மாறவில்லையாம். அந்தத் துணி ஆபத்து குறைந்ததுதான், ஆனாலும் திரும்ப மேடைக்கு வந்தால் அதை உடுத்த மாட்டேன், அவ்வளவு அசிங்கம் என்றாளாம். இதைப் படித்ததும் எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பருத்திப் புடவைகளோடு போகும். வடிகஞ்சியில் முக்கி, உதறிக் காயப்போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து. நைலெக்ஸ் என்ற நைலான் புடவை வந்த வருஷம் முதல் ஆளாக வாங்கினாள். வெளிர் நீலம், சின்னச் சின்ன வெள்ளைப் பூ. ராத்திரி அலசிக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். கட்டிக்கொண்டு ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஓடலாம். ஒரு நாள் பம்ப் ஸ்டவ்வில் பால் பொங்கியதென்று குனிந்தாள். முந்தானை பற்றியது. நைலான் பருத்தி மாதிரி எரிந்து சாம்பலாகாது, உருகி ஒட்டிக்கொள்ளும். பாட்டி தண்ணீர்த் தொட்டி மேல் கிடந்த ஈரச் சாக்கை அவள்மேல் போட்டு அமுக்கினாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கடைசிவரை மெழுகு வழிந்த மாதிரிதான் இருந்தது. அடுத்த தீபாவளிக்கு அவள் எடுத்ததும் நைலெக்ஸ்தான். வீடே ரகளையானது. “உனக்கெல்லாம் பட்டும் புத்தி வராதா?” என்று அப்பா கத்தினார். அத்தை வடுவைத் தடவிக்கொண்டு, “போண்ணா, கட்டின மாதிரியே தெரியாதுண்ணா அது” என்றாள். அப்போது நானும் அப்பா பக்கம்தான். முட்டாள் என்றுகூட அவளைச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கஞ்சிக்குண்டான் முன்னால் நான் ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்கள் கேள்வி விலையைப் பற்றியது என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இன்றைய டூட்டூவும் பெரும்பாலும் நைலான் வலைதான். பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாயிரம் அதிகம், ஒரே வருஷத்தில் சின்னதாகிவிடும். மேல் வகுப்புப் பெண் யாரிடமாவது பழையது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்புடன்.