வாசகர் கேள்விகள்: புயல் நேரத்தில் ஹாம் ரேடியோ

கேள்வி: புயலில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்துவிட்டால், உரிமம் இல்லாதவரும் ஹாம் ரேடியோவில் பேசலாம் என்கிறார் என் நண்பர். அது சரியா? (கடலூர் வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் அமெரிக்க விதியை எங்கேனும் படித்திருக்கக்கூடும். உயிருக்கும் உடைமைக்கும் உடனடி ஆபத்து நேர்ந்து, வழக்கமான தொடர்பு வசதிகளும் இல்லாதபோது, அமெச்சூர் நிலையம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ள உரிமம் பெற்ற ஹாம் ரேடியோ நிலையம், தன் கைவசமுள்ள எந்த வானொலி வழியையும் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு விதி சொல்கிறது. அங்கும் பேசப்படுவது அமெச்சூர் நிலையத்தைப் பற்றித்தானே தவிர, கடையில் கருவி வாங்கிய எவரைப் பற்றியும் அன்று. இந்தியாவிலோ, உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. உயிர் போகும் வேளையில் சட்டம் பார்ப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பழகாத கையில் அந்தக் கருவி அவ்வளவாக உதவாது. கையடக்க வி.எச்.எஃப் (மீஉயர் அதிர்வெண்) கருவி, அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் இடைநிலையமான ரிப்பீட்டர் இல்லாவிட்டால் தரைமட்டத்தில் சில கிலோமீட்டரே எட்டும். ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டும்.

கேள்வி: உரிமம் பெற்றவர் பேரிடரின்போது யாருடைய செய்தியையும் அனுப்பலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். உரிமதாரர் தமக்காகப் பேசலாம், பிறர் செய்தியைச் சுமந்து செல்லக்கூடாது என்பதே 1978ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளின் பொதுநிலை. நிலநடுக்கம், வெள்ளம், புயல், பரவலான தீ ஆகிய இயற்கைச் சீற்றங்களுக்கு மட்டும் அவை விலக்கு அளித்தன. அதிலும் அச்செய்தி மாவட்ட ஆட்சியர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற அலுவலர் போன்ற தகுதிவாய்ந்த குடிமை அதிகாரியிடமிருந்து புறப்பட்டு, அத்தகைய அதிகாரிக்கே சென்று சேர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. நாடுகளுக்கிடையே பிறர் செய்தியை அனுப்புவதையும், அவசரநிலைக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் மட்டுமே சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள் அனுமதிக்கின்றன.

2004 டிசம்பரில் அரசு அனுமதியுடன் அந்தமானுக்குச் சென்ற ஹாம் ரேடியோ இயக்குநர் பாரதி பிரசாத் குழுவினர், உலகெங்கும் உள்ள ஹாம்களுடன் பொழுதுபோக்காகத் தொடர்புகொள்ளவே போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தனர். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியதும் அதே நிலையம் அவசரத் தொடர்பு நிலையமாக மாறி, உயிர் தப்பியவர்களைப் பற்றிய தகவல்களைப் பெருநிலத்திலிருந்த உறவினர்களுக்குக் கொண்டுசேர்த்தது. ‘நான் நலமாக இருக்கிறேன்’ என்ற இத்தகைய செய்திகள் விதியின் சொற்களுக்குள் முழுமையாக அடங்குபவை அல்ல. எனவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் வேண்டுகோளை, இயன்றால் எழுத்திலேயே, முன்கூட்டிப் பெற்றுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: அவசர நேரத்தில் அலைவரிசையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? (சென்னை வாசகர்)

பதில்: முதல் கடமை கேட்பது. நம் பிராந்தியத்தில் 7.110, 14.300 மெகாஹெர்ட்ஸ் போன்றவை அவசரத் தொடர்புகளுக்கான மைய அதிர்வெண்களாகக் கருதப்படுவதால், அங்கே ஒரு வலையம் (ஒரே அதிர்வெண்ணில் முறைவைத்துப் பேசும் நிலையங்களின் குழு) இயங்கும்போது அதை நெறிப்படுத்தும் நிலையம் அழைத்தாலன்றி வாய் திறக்காதிருப்பதே உதவி. உங்கள் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லுங்கள், சங்கேத மொழி வேண்டாம், செய்தியைச் சுருக்காமலும் கூட்டாமலும், வந்த நேரத்துடன் பதிவேட்டில் எழுதுங்கள். ‘சுமார் ஐம்பது பேர்’ என்று வந்ததை ‘ஐம்பது பேர்’ என்று திருத்தி அனுப்பினால், உணவுப் பொட்டலங்களும் படகுகளும் அந்தக் கணக்கில்தான் புறப்படும். கட்டணமாக எதையும் பெறக்கூடாது.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் உரிமம் பெற முடியுமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முடியும், பன்னிரண்டு வயது நிறைந்தால் போதும். வானொலி அடிப்படைகளிலும் விதிகளிலும் தேர்வு எழுத வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட வகை உரிமத்துக்கு, புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் முறையில் தேர்வு இல்லை. பொது வகைக்கு உண்டு. தேர்வுக்கும் அதன் பிறகான நடைமுறைகளுக்கும் காலம் பிடிக்கும் என்பதால், ஐப்பசியில் விண்ணப்பித்துவிட்டு அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்குள் அழைப்புக்குறி கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.