சோர் எழுதியது எது? – செவ்வியல் கிதார் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: கிதார் இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ சோரின் பயிற்சிகளை, இருபதாம் நூற்றாண்டின் ஸ்பானியக் கிதார் கலைஞர் செகோவியாவின் பதிப்பை வைத்துக் கற்று வருகிறேன். அண்மையில் சோர் காலத்து அச்சுப் பிரதியின் நகலைப் பார்த்தேன். விரல் எண்கள், ஸ்லர் (சுரங்களை இணைத்து வாசிக்கச் சொல்லும்) குறிகள் மட்டுமின்றிச் சில இடங்களில் சுரங்களும் வேறாக உள்ளன. என் ஆசிரியர் செகோவியாவை விட்டு விலகக் கூடாது என்கிறார். எதைப் பின்பற்றுவது?

பதில்: இரண்டு பிரதிகளில் எது சரி என்று கேட்பதற்கு முன், எதை யார் எதற்காக உருவாக்கினார் என்று பார்ப்பது நல்லது. 1778-இல் பார்சிலோனாவில் பிறந்து 1839-இல் பாரிஸில் மறைந்த சோர், ஓபஸ் (படைப்பு எண்) 6, 29, 31, 35, 44, 60 என ஆறு தொகுதிகளாக 121 பயிற்சிகளை வெளியிட்டார். அவற்றிலிருந்து இருபதை மட்டும் தேர்ந்து, தம் விருப்பப்படி வரிசைப்படுத்தி, 1945-இல் செகோவியா ஒரு நூலாக்கினார். அந்த நூல் உலகெங்கும் பரவியதால், சோர் எழுதியதே இருபதுதான் என்று நம்பும் மாணவர்களை இன்றும் காண்கிறோம். ‘ஐந்தாம் பயிற்சி’ என்று எல்லோரும் வாசிக்கும் பி மைனர் பயிற்சிக்குச் சோர் தந்த இடம் ஓபஸ் 35, எண் 22. எளியதில் தொடங்கி அரியதற்குச் செல்லுமாறு அவர் அமைத்த படிவரிசை, தேர்ந்தெடுத்த இருபதில் கலைந்துபோயிற்று.

விரல் எண்களின் கதை இன்னும் சுவையானது. சோரின் கிதார் இன்றையதைவிட உடல் சிறியது. அதில் மேல் தந்திகள் குடலால் ஆனவை. அவர் நகம் படாமல் விரல்நுனித் தசையால் மீட்டினார். வலக்கையில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றே பெரும்பாலான வேலையைச் செய்யும் என்றும், மோதிர விரலைத் தேவைப்படும்போது மட்டும் துணைக்கு அழைப்பதாகவும் தம் 1830-ஆம் ஆண்டுப் பயிற்சி நூலில் விளக்குகிறார். செகோவியாவோ கிதார் செய்பவரான அன்டோனியோ டி டோரஸ் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த பெரிய உடலமைப்பின் வழிவந்த கருவியை நகத்தோடு வாசித்தவர். ஒரே சுரத்தை வேறு தந்தியில், கழுத்தின் மேற்பகுதியில் எடுத்து ஒலியின் நிறத்தை மாற்றுவதில் அவருக்குத் தனி ஈடுபாடு உண்டு. ஆகவே அவருடைய விரல் எண்கள் சோரைப் பற்றிச் சொல்வதைவிட அவரைப் பற்றியே அதிகம் சொல்கின்றன.

இதனால் மூல அச்சு புனிதமாகிவிடாது. உலோகத் தகட்டில் சுரங்களைச் செதுக்கியவர்களும் தவறு செய்தார்கள். ஆனால் பிழையையும் மாற்றத்தையும் பிரித்தறிய மூலம் கண்முன் இருக்க வேண்டும். பிரையன் ஜெஃப்ரி 1977-இல் வெளியிட்ட சோர் ஆய்வு நூலும், அவர் பதிப்பித்த முழுத்தொகுப்பும் அந்த வாய்ப்பைத் தந்தன. இன்று ஸ்டாக்ஹோமில் உள்ள பழைய கிதார் இசையச்சுகளின் போய்யே சேகரிப்பையும், கோபன்ஹேகனில் உள்ள ரிஷல், பிர்கெட்-ஸ்மித் சேகரிப்பையும் யாரும் கட்டணமின்றித் திரையில் புரட்டலாம். என் கருத்தைக் கேட்டால், பாடத்தை மூல அச்சிலிருந்து படியுங்கள். செகோவியாவின் பதிப்பை ஒரு பெருங்கலைஞர் சோரை வாசித்த விதத்தின் ஆவணமாக அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரோடு வாதிட வேண்டாம். சுரம் மாறுபடும் இடத்தை இரண்டு விதமாகவும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பழைய இசைத்தட்டில் ‘வைஸ்’ என்றும், புதிய பதிவுகளில் ‘போன்சே’ என்றும் குறிப்பிடப்படும் ஏ மைனர் நடனத் தொகுப்பு உண்மையில் யாருடையது?

பதில்: மெக்சிகோவின் மனுவேல் போன்சே எழுதியது. செகோவியாவும் அவரும் சேர்ந்து, டிரெஸ்டன் அரசவையின் லூட் (கிதாருக்கு உறவான பழைய தந்திக் கருவி) கலைஞரும் இசையமைப்பாளர் பாக் மறைந்த அதே 1750-இல் மறைந்தவருமான சில்வியுஸ் லியோபோல்ட் வைஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பழைய இசையே அரிதாக இருந்த கிதார் மேடைக்கு ஒரு பரோக் (17, 18-ஆம் நூற்றாண்டு) படைப்புக் கிடைத்ததில் கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள், ஐயுற்றவர்கள் சிலரே. ஆய்வாளர்களுக்கு இது கடினமான வழக்கு அன்று. வைஸின் படைப்புகள் லண்டனிலும் டிரெஸ்டனிலும் உள்ள கையெழுத்துத் தொகுதிகளில் டாப்லேச்சர் (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிமுறை) வடிவில் கிடைக்கின்றன. அவற்றில் எங்கும் இது இல்லை. பரோக் லூட்டின் சுருதியமைப்பு வேறு, தந்திகளும் மிகுதி. இந்தத் தொகுப்போ கிதாரின் ஆறு தந்திகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. போலி என்று தெரிந்த பிறகும் அதை வாசிப்பவர்கள் குறையவில்லை. நல்ல இசையாக இருப்பதே காரணம்.

கேள்வி: பாக் கிதாருக்கு எழுதினாரா?

பதில்: இல்லை. ‘லூட் தொகுப்புகள்’ என்று நாம் வாசிப்பவற்றிலும் எல்லாமே லூட்டுக்கு எழுதப்பட்டவை என்று அறுதியிட முடியாது. பாக் படைப்புப் பட்டியலின் (BWV) எண் 995-இன் கையெழுத்துப் படி பிரஸ்ஸல்ஸில் உள்ளது. அதன் தலைப்பிலேயே லூட் என்று பாக் எழுதியிருக்கிறார். எண் 998-இன் தலைப்பில் ‘லூட் அல்லது செம்பலோ (ஹார்ப்சிகார்ட் என்னும் விசைப்பலகைக் கருவி)’ என்று இருக்கிறது. எண் 996-இன் பழைய படி ஒன்றிலோ ‘லாட்டன்வெர்க்’ என்ற குறிப்புக் காணப்படுகிறது. குடல் தந்தி பூட்டி, லூட்டின் ஒலியை எழுப்புமாறு செய்யப்பட்ட விசைப்பலகைக் கருவி அது. பாக் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் அத்தகைய கருவிகள் இரண்டும் லூட் ஒன்றும் இருந்தன. கிதாரில் அந்தப் பகுதிகளுக்கு இடக்கை திணறும்போது, விசைப்பலகையில் பத்து விரல்களுக்காக எழுதிய இசையோ இது என்ற ஐயம் எனக்கு அடிக்கடி எழுகிறது.

கேள்வி: பதினாறாம் நூற்றாண்டு விஹுவேலா (கிதார் போன்ற ஸ்பானியத் தந்திக் கருவி) இசையை மூல நூலிலிருந்தே வாசிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கிதாரின் மூன்றாம் தந்தியை ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்குங்கள்; இடைவெளிகள் விஹுவேலாவோடு ஒத்துவிடும். அந்நூல்களின் டாப்லேச்சரில் ஆறு கோடுகள் ஆறு தந்தி இணைகளையும், எண்கள் ஃப்ரெட்டுகளையும் குறிக்கும். ஒரே எச்சரிக்கை: 1538-இல் வந்த நார்வாயெஸின் நூலில் மிகக் கீழே உள்ள கோடுதான் மிக உயர்ந்த ஒலியுடைய தந்தி, அதற்கு முன் வந்த லூயிஸ் மிலானின் நூலில் அது மேற்கோடு. இதைக் கவனிக்காமல் தொடங்கினால் இசை தலைகீழாகிவிடும்.

கேள்வி: நகமா, தசையா? சோரும் அவர் காலத்து ஸ்பானியக் கிதார் கலைஞர் அகுவாதோவும் இதில் பகைத்துக்கொண்டார்களாமே?

பதில்: பகை இல்லை, நட்புதான். நகத்தால் வாசிப்பவர்களைத் தம்மால் பொறுக்கவே முடியாது என்று எழுதிய சோர், டியோனிசியோ அகுவாதோவுக்கு மட்டும் விலக்கு அளித்தார். இருவரும் சேர்ந்து வாசிக்க ‘இரு நண்பர்கள்’ என்ற ஓபஸ் 41-ஐயும் எழுதினார். அகுவாதோ 1843-இல் வெளியிட்ட தம் நூலில், நண்பர் சோரின் வாசிப்பைக் கேட்ட பிறகு கட்டைவிரலில் மட்டும் நகத்தைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டதாகக் குறிப்பிடுகிறார். மற்ற விரல்களின் நகத்தை அவர் கடைசிவரை விடவில்லை.